ரிப்பன் அவிழ்க்கிறவள்

முடிச்சு இறுகிப்போயிருக்கிறது. நேற்று சாயங்காலம் கட்டியது, ராத்திரிப் பனியில் ஊறி, நகம் வைத்துக் கிளறினால்தான் நெகிழ்கிறது. ஆரஞ்சு ரிப்பன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில். இதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டால் இந்த மரம் மறுபடி வெறும் மரம். வழி என்று ஒன்று இங்கே இருந்ததாக யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எனக்கு இதுதான் வேலை. இந்த மலையோட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக ஓடுகிற ஆளுக்கும் பின்னால் நான் ஓட வேண்டும், மரத்துக்கு மரம் வழி காட்டக் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். காட்டுக்குள் ஒரு துண்டுகூட விட்டுவரக் கூடாது என்று சொல்லித்தான் ஓட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கடைசி ஆள் எனக்கு முன்னால். எனக்குப் பின்னால் யாருமில்லை, கோத்தகிரிக்கு மேலே இருக்கிற இந்த மலை மட்டும், மூடுபனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் விட்டுவந்த இடத்தை உடனுக்குடன் மறைத்துக்கொண்டு வருகிறது. முதுகில் அந்தக் குளிர் தெரிகிறது. நன்றாக இருக்கிறது. வழக்கமாக நான் ஓடுவது நீளமான ஓட்டங்கள். ஐம்பது கிலோமீட்டர், எண்பது, ஒரு தடவை ஒரு பகலும் ராத்திரியும் மறுநாள் பகலும். இன்று இந்தச் சின்ன ஓட்டத்துக்கு, அதிலும் கடைசிக்குப் பின்னால் வந்திருக்கிறேன் என்றால் காரணம் அந்தக் கடைசி ஆள்தான். பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் பட்டன், ஜிப், லேஸ், நூல்கண்டு விற்கிற கடை. இந்த ரிப்பனை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரரை ஓடுகிறவர் என்று நினைத்துப் பார்க்க இன்னும் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால் நான் ஷூ மாட்டுகிற சத்தத்துக்குக் கட்டிலில் புரண்டு அவர் கேட்பது ஒன்றே ஒன்று. எப்ப வருவே. வெயில் ஏறறதுக்குள்ள வந்துருவனுங்க என்பேன். வாரம் முழுக்க என் காதில் கேட்பதும் இதேதான். மின்தடைப் புகார் மையத்தில் எனக்கு வேலை. ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால் ஊர் முழுக்க வந்து இடது காதில் உட்கார்ந்துகொள்ளும். ஏங்க, கரண்ட் எப்ப வரும்? கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குதுங்க, எப்ப வரும்? பையனுக்கு நாளைக்குப் பரீட்சைங்க, எப்ப வரும்? எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லக் கூடாது. ஆள் போயிருக்காங்கங்க, சீக்கிரம் வந்துரும். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் என் வாயில் தானாக ஓடும், தூக்கத்தில்கூட. ஒரு நாள் காலையில் சென்னியப்பன் எப்ப வருவே என்று கேட்டதற்கு ஆள் போயிருக்காங்கங்க என்று சொல்லிவிட்டு வாசல் வரை போய்விட்டேன். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏம்புள்ள, என்னத்துக்கு இப்படி ஓடறே, யாராச்சும் தொரத்தறாங்களா என்று கேட்டார். சுகருக்குங்க என்றேன். எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் உண்மைதான், அந்த உண்மையைத் தூக்கி இந்தக் கேள்வியின் வாயில் வைத்தேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான் வீடு திரும்பும்போது சமையல்கட்டில் பாவக்காய் இருக்கும். நல்ல பிஞ்சாகப் பார்த்து உக்கடம் மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கிவருவார். அவருக்குப் பாவக்காய் ஆகாது. என்னோடு சேர்ந்து சாப்பிடுவார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று இருக்கும். சொன்னதில்லை.

அடுத்த ரிப்பன். இது ஒரு சீகை மரத்தில், வாட்டில் மரத்துக்கு இங்கே அதுதான் பெயர், தலைக்கு மேலே. எக்கி அவிழ்க்கும்போது இலைத் தண்ணீர் சட்டைக்குள் இறங்குகிறது. ஓட்டத்தை நடத்துகிற ரூபன் கடைக்கு ரிப்பன் வாங்கப் போனவன், சாட்டின் கேட்டிருக்கிறான். அது வழுக்கும் தம்பி, முடிச்சு நிக்காது என்று சொல்லி இந்தச் சொரசொரப்பான ஜாதியை எடுத்துக் காட்டி, வெட்டிக்கொண்டே, நானும் ஓடலாமா தம்பி என்று கேட்டிருக்கிறார் இந்த மனுஷன். எனக்குத் தெரிந்தது வீட்டுக்கு டீ ஷர்ட் வந்தபோது. இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு. மற்றது எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கலாம், அவ்வளவு பெரியது. நீ அங்க போயி என்னத்தத்தான் பாக்கறேன்னு நானும் ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேன் என்றார். எனக்குப் பகீரென்றது. ஏன் பகீரென்றது? அவருக்கு மூச்சு வாங்கும், முழங்கால் பிடிக்கும், பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், இதெல்லாம் இருந்தாலும் பயம் இதற்கில்லை. பூட்டி வைத்திருக்கிற ஓர் அறைக்குள் ஒருவர் சகஜமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது மாதிரி இருந்தது. ஆனால் அவர் ஆறு மாதம் பழகினார், வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், என்னைக் கூட வரவேண்டாம் என்றார். நேற்று பையில் எல்லாம் அடுக்கும்போது விசில் ஒன்று கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தேன். அவருடைய அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விசிலை வாயில் வைத்ததும் ஆள் பத்து வயதுப் பையனாகிவிட்டார். ஒரு தடவை ஊதினார். இது ஹோல்டான். இரண்டு தடவை ஊதினார். இது போலாம் ரைட். மேல்வீட்டில் ஜன்னல் திறந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நிமிஷம் அவர் வருவது எனக்குப் பிடித்தது என்றே சொல்வேன்.

இன்று காலை கிளம்பினதும் தேயிலைக்கு நடுவில் ஏறும்போதே கடைசிக்கு வந்துவிட்டார். நான் இரண்டடி பின்னால். கொஞ்ச தூரம் போய் நின்றார். ஏங் கோதை, பின்னாலயே மூச்சு விடாத, எனக்குக் கூச்சமா இருக்குது, ஒரு வளைவு தள்ளியே வா என்றார். திரும்பிப் பாக்கமாட்டேன், நீயும் என்னைக் கூப்பிட்டு எப்படி இருக்குதுன்னு கேக்காத என்றும் சொன்னார். சரிங்க என்றேன். அதனால் அவர் முதுகு எனக்குத் தெரிவதில்லை, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம், அப்புறம் பனி. தடம் தெரிகிறது, அது போதும். புது ஷூ, அடியில் மீன் முள் மாதிரி கோடு. வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி விழும். இத்தனை பேர் மிதித்துப் போன ஈர மண்ணில் எல்லாத் தடங்களுக்கும் மேலே, கடைசியாக, ஆழமாக, அந்த மீன் முள். அது புதிதாக இருக்கிறவரை எல்லாம் சரி. தேயிலை முடிந்து சோலைக்காட்டுக்குள் வழி நுழைகிறது. உள்ளே இன்னும் விடியவில்லை. பாசி பிடித்த கிளைகள், அடியில் வருஷக்கணக்கில் விழுந்து மட்கிய இலை, மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கி எழும்புகிறது. முதல் ஓடையைத் தாண்டுகிறேன். தண்ணீர் கணுக்காலைக் கடிக்கிறது. கல்லில் அவர் ஷூவின் ஈரம் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் ரிப்பன். அவிழ்க்கிறேன்.

இங்கிருந்துதான் அது ஆரம்பிக்கும். எப்போதும் இப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது. முதலில் உடம்பு ஒவ்வொன்றாகப் புகார் கொடுக்கும், கெண்டைக்கால், இடுப்பு, ஷூவுக்குள் ஒரு மணல். அப்புறம் வீடு வந்து உட்காரும். ஃப்ரிட்ஜில் தோசை மாவு புளித்திருக்கும், மகளுக்கு ஹாஸ்டலில் காய்ச்சல் விட்டதா, அலுவலகத்தில் அந்த மாலதி ஏன் அப்படிச் சொன்னாள், நான் ஏன் திருப்பிக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன், நன்றாகக் கேட்கிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி, மரங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அப்புறம் மாலதியும் களைத்துவிடுவாள். கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வந்து, அர்த்தம் தேய்ந்து, வெறும் தாளமாகி, காலோடு சேர்ந்துகொள்ளும். இடது காதில் இருக்கிற ஊர் ஒவ்வொருவராக எழுந்து போகும். மாவு பாதியில் நின்ற பெண், பரீட்சைக்காரப் பையன், கல்யாண மண்டபத்து மேனேஜர், எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போவார்கள், காது காலியாகும். காலியான காதில் முதலில் மூச்சு. அப்புறம் மூச்சுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் ஒரு குருவி, பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், அது ஒரு சுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு யோசிக்கிறது. ரிப்பன். அவிழ்க்கிறேன். எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறேன். டாக்டர், உடம்பு, நல்ல காற்று, வெற்றி, மெடல். மெடலைப் பீரோவுக்குள் எங்கே போட்டேன் என்றே தெரியாது. நிஜமான பதில் இந்த இடத்தில் இருக்கிறது, இந்த இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில், இதை எடுத்துக்கொண்டு போய் எந்த வீட்டில் வைக்க முடியும்?

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் தன் பாட்டுக்குப் போகிறது, நான் அதன் மேல் உட்கார்ந்து போகிறேன், பிறகு உட்கார்ந்திருப்பதும் இல்லை. மரத்தின் பெயர் போய்விட்டது. பச்சை என்கிற பெயரும் போய்விட்டது, நிறம் மட்டும் இருக்கிறது. ஏற்றம் வந்தால் உடம்பு முன்னால் சாய்கிறது, இறக்கம் வந்தால் கைகள் தாமாக விரிகின்றன, வேர் வந்தால் பாதம் தூக்கிக்கொள்கிறது, யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கை எக்குகிறது, ஆரஞ்சு அவிழ்கிறது, பையில் போகிறது, கை எக்குகிறது. என்னைப் பூங்கோதை என்று கூப்பிட்டால் இப்போது திரும்பமாட்டேன், அந்தப் பெயர்க்காரி எங்கோ பின்னால் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது சுவர் தூரமாகப் போகும், கூரை தூரமாகப் போகும், அம்மா பேசுவது பக்கத்துத் தெருவில் கேட்கும், பயமாக இருக்காது, சுகமாக இருக்கும். அது மாதிரி. இல்லை, அது மாதிரியும் இல்லை. பனி வாய்க்குள் வருகிறது, சில்லென்று, ருசி இல்லாமல். மூச்சு விட்டால் அதுவும் பனியாகிப் போய் மற்றப் பனியோடு சேர்ந்துவிடுகிறது, எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சந்தோஷம் என்று இதைச் சொல்லக் கூடாது. சந்தோஷப்பட ஓர் ஆள் வேண்டும். வழி இரண்டாகப் பிரிகிற இடம், இடது கையில் ரிப்பன், அவிழ்க்கிறேன், இடது. மேடு. பள்ளம். ஆரஞ்சு. ஆரஞ்சு.

அப்புறம் சேறு. இரண்டாவது ஓடை வழிக்கு மேலேயே பரவிச் சதசதவென்று கிடக்கிற இடம். தாண்டக் கல் தேடிக் கீழே பார்க்கிறேன். நிறையத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அழகாக இருக்கிறது, குட்டிக் குட்டிக் கிண்ணமாக, ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாக வானம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அடியில் மண் தெரிகிற அளவுக்குத் தெளிவு. அழகு என்று ஒரு கணம் நின்று பார்க்கிறேன். தெளிவு. ஏன் தெளிவாக இருக்கிறது? மிதித்த தடத்தில் கலங்கல் இருக்கும். இப்போதுதான் ஒருவர் மிதித்துப் போயிருந்தால் கலங்கல் இருக்கும். குனிகிறேன். மீன் முள் இல்லை. சுற்றிப் பார்க்கிறேன். எங்குமே மீன் முள் இல்லை. வலது பாதம் வெளியே திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை. என் முதுகில் பை கனக்கிறது, அவிழ்த்த ரிப்பன் எல்லாம் உப்பி, வாய் கட்ட முடியாமல். யாரோ ஒருவர். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் போய்க்கொண்டிருந்தார் அல்லவா. சென்னியப்பன். அந்தப் பெயர் மேலே வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது, கிணற்றுக்குள்ளிருந்து வாளி வருகிற நேரம். அவர் எனக்கு முன்னால் இல்லை. பின்னால் இருக்கிறார். எனக்குப் பின்னால் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அங்கே. ஒரு ரிப்பன்கூட இல்லாத காட்டில்.

திரும்பி ஓடுகிறேன். போனை எடுக்கிறேன், சிக்னல் இல்லை, இங்கே எப்போதும் கிடையாது. அவிழ்த்ததை மறுபடி கட்டுகிறேன், இந்த ரிப்பன் வழுக்காது என்று சொன்னாரே, ஈரத்தில் வழுக்குகிறது, கட்டுகிறேன். ஒதுங்கப் போயிருப்பார். அட்டை கடித்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு மனிதரை, அந்த அளவு டீ ஷர்ட் போட்ட மனிதரை, பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். கால் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது, என் வேகத்துக்கு, அவர் வேகத்தை மறந்துபோய். கால்மேல் பழி போடாதே. நீதான் மறந்தாய். மறக்கத்தானே ஓடுகிறாய். சொல், இப்போதாவது சொல், மரங்களுக்காவது சொல். சுகருக்கு இல்லை. எல்லோரையும் மறக்க. மகளை, மாலதியை, ஊரை, எல்லோருக்கும் முன்னால் சென்னியப்பனை. பிடிக்காமல் இல்லை. எவ்வளவு பிடித்தாலும் இருபத்து நாலு மணி நேரமும் ஒருவருக்கு மனைவியாக இருந்துகொண்டே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான், அதற்கு அவர் என்ன செய்வார், பாவக்காய் வாங்கிவருகிறார். வழி இரண்டாகப் பிரியும் இடம். இங்கே இருந்த ரிப்பனை அவிழ்த்தது இந்தக் கை. வலது பக்கம் போனால் சீகைக்காட்டுக்குள் ஒரு பழைய தடம், நன்றாக அகலமாக, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும், கொஞ்ச தூரத்தில் செங்குத்துச் சரிவில் போய் நின்றுவிடும். தெரியாதவர்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள். அகலமான வழியைத்தான் யாரும் எடுப்பார்கள். மண்ணைப் பார்க்கிறேன். இலை மூடியிருக்கிறது, தடம் தெரியவில்லை. பக்கத்தில் காட்டெருமைச் சாணம், புதிதா பழசா தெரியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாரா காலையில்? கேட்கவில்லை. எப்படி இருக்குதுன்னு கேக்காத என்றார், நானும் கேட்கவில்லை, எவ்வளவு வசதி எனக்கு. ஏனுங்க என்று கத்துகிறேன். பனி அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. எப்ப வருவே, எப்ப வருவே என்று காதுக்குள் கேட்கிறது. ஆள் போயிருக்காங்கங்க, சீக்கிரம் வந்துருவாங்க.

விசில். எனக்கும் ஒன்று இருக்கிறதே. பையின் பட்டையில் தொங்குகிறது, வாயில் வைத்து நீளமாக ஊதுகிறேன், மார்பு வலிக்கிற வரை. நிறுத்திக் கேட்கிறேன். தண்ணீர். இலைச் சொட்டு. அந்தக் குருவி பாதியில் நிறுத்திவிட்டது. மறுபடி ஊதுகிறேன். கண்ணில் நீர் வந்து பனியோடு பனியாகத் தெரிகிறது. கடவுளே, அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே, இந்த ஞாயிறு பாவக்காயை நான் முழுக்கச் சாப்பிடுகிறேன் என்று என்னென்னவோ வேண்டுகிறேன். மூன்றாவது தடவை ஊதிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தூரத்தில், இடது பக்கம், கீழே, சரிவுப் பக்கம் இல்லை, முதல் ஓடைப் பக்கம், மெல்லியதாக இரண்டு விசில். இடைவெளி விட்டு மறுபடி இரண்டு. போலாம் ரைட். அந்த நடுக்காட்டில் வாய்விட்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஓடினேன்.

ஓடையிலிருந்து கொஞ்சம் மேலே, வழியை விட்டுப் பத்தடி தள்ளி, விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இழையாக ஓடிக் காய்ந்திருக்கிறது. முகத்தில் பயம் இல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏனுங்க, நான் தாண்டிப் போறது தெரியலீங்களா?” “தெரிஞ்சுது.” “தெரிஞ்சுதா? தெரிஞ்சா ஒரு கொரல் குடுக்கக் கூடாதுங்களா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?” “கூப்படலாம்னுதான் வாயத் தொறந்தேன்” என்றார். சாக்ஸை எடுத்து உதறினார், அவசரம் எதுவும் இல்லாமல். “உன்ற மூஞ்சியப் பாத்தேன் கோதை.” “மூஞ்சிக்கு என்ன?” “தெரியல. இத்தன வருசத்துல நான் பாக்காத மூஞ்சி. வாய் லேசாத் தொறந்துருக்குது, கண்ணு எங்கியோ இருக்குது, கையி பாட்டுக்கு ரிப்பன அவுக்குது. யாரோ ஒரு பொம்பள போறாப்ல இருந்துச்சு. கூப்புட்டா திரும்பிருவே. திரும்புனா எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியாப் போயிரும். செரி, போகட்டும்னு விட்டுட்டேன்.” நான் அவர் பக்கத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்தேன். “ரிப்பனையும் அவுத்துட்டுப் போறாளேன்னு தோணலீங்களா?” “அது நீ போனதுக்கப்பறந்தான் தோணுச்சு. அப்ப கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. எங்கயும் போகாம ஒரே எடத்துல இருந்தா நீ வந்துருவேன்னு உக்காந்துட்டேன்.” அவர் ஷூவை மாட்டி லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார், தலை குனிந்திருந்தது, அப்போதுதான் எனக்குச் சொல்ல வந்தது. “நான் உங்கள மறந்துட்டனுங்க. நெசமாலுமே மறந்துட்டேன்.” “அது தெரிஞ்சுது.” முடிச்சை இறுக்கினார். “அதுக்குத்தான் ஓடறியாக்கு?” “ஆமாங்க.” கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தார். வலித்திருக்கும். வலிக்காமல் எப்படி? அப்புறம் என் பக்கம் திரும்பி, “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்ல? சுகருக்குன்னு நெனச்சு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்தப் பாவக்காயத் தின்னு தொலச்சனே” என்றார்.

இந்த முறை நான் அவருக்கு நேர் பின்னால், இரண்டடி தூரத்தில் வருகிறேன். மூச்சு விடாதே என்று சொல்லவில்லை. மறுபடி கட்டிய ரிப்பன்களை மறுபடி அவிழ்க்கிறேன், பிரிகிற இடத்தில் இடது பக்கம் திரும்புகிறோம், சேற்றில் அவர் இறங்குகிறார், தெளிந்திருந்த கிண்ணங்கள் எல்லாம் கலங்குகின்றன, எனக்கு அந்தக் கலங்கலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சோலை முடிந்து மலை முகட்டில் வெளியே வந்தால் பனி விலகிவிட்டது. கீழே தேயிலை, அதற்கு நடுவில் வளைந்து வளைந்து இறங்குகிற ஒற்றை வழி, கடைசியில் எஸ்டேட் மைதானத்தில் ரூபனின் நீலப் பந்தல், எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. குழந்தையைக்கூடத் தனியாக அனுப்பலாம். அவர் நின்றார். என் தோளிலிருந்து பையைக் கழற்றினார். “குடு. என்ற கடை ரிப்பன், நானே அவுத்துட்டு வர்றேன். நீ ஓடு.” “பின்னாடி வர்ற ஆளு முன்னாடி போகக்கூடாதுங்க, ரூபன் திட்டுவான்.” “கடைசி ஆளும் நாந்தான், பின்னாடி ஆளும் நாந்தான். போ.” மாட்டேன் என்று தலையாட்டினேன், ஆனால் கால் கிளம்பிவிட்டது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். முதல் ரிப்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நகம் வைக்கத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து வாயில் வைத்தார். இரண்டு.

ஓடுகிறேன். இறக்கம், கைகள் விரிகின்றன. முதல் வளைவு வரை முதுகில் அவர் பார்வை இருக்கிறது, அதன் எடை தெரிகிறது, மூஞ்சி எப்படி இருக்கிறதோ, வாய் திறந்திருக்கிறதோ என்று ஒரு கூச்சம். இரண்டாவது வளைவில் கூச்சம் விழுந்துவிட்டது. தேயிலையில் வெயில் படுகிறது, ஈரம் ஆவியாக எழும்புகிறது, அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறுகிறது. இந்தத் தடவை அது கேட்டுக்கொண்டு வந்தது, வரலாமா என்று, யாரோ வரட்டும் என்றார்கள். மூச்சு. மூச்சுக்குப் பின்னால் மண்ணில் பாதம் விழுகிற சத்தம். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததுக்குள் இறங்கி இறங்கிப் போகிறேன். நீலமாக ஏதோ பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஆரஞ்சு டீ ஷர்ட் போட்ட ஒரு பையன், கையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான். “என்னக்கா, நீங்க மட்டும் வர்றீங்க? கடைசி ஆளு எங்கக்கா?” அவன் முகத்தைப் பார்க்கிறேன். நல்ல முகம். “யாரு?” என்கிறேன். அவன் வாயைத் திறப்பதற்குள் மேலே, தேயிலைக்கு நடுவில், பாதி வழியில், நீளமாக ஒரே ஒரு விசில் கேட்கிறது. ஹோல்டான். என் கால் தானாக நிற்கிறது, எதிரே இருக்கிற முகம் ரூபனாகிறது. நாற்காலியை அடுக்காத, ஆள் வந்துட்டிருக்காரு என்று ரூபனிடம் சொல்லிவிட்டு, முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமே திரும்பி நின்று, மலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்.